பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளுக்கு அருகே குண்டு வெடித்தது. இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிறுவர்.

எங்கள் ஊரில் செத்த வீட்டில் அடுப்பெரியாது. அயலார் சோறு கொண்டுவருவார்கள். வெறும் தேத்தண்ணியோடு இரவிரவாகக் கூட இருப்பார்கள். முப்பத்தோராம் நாள் முடிந்தால் வாடகைக் கதிரைகளும் போய்விடும், சனமும் போய்விடும். அதன்பிறகு, இப்படிப் பிள்ளையை இழந்த தாயின் மனம் நோகுமென்று அந்தப் பிள்ளையின் பெயரையே எடுக்கமாட்டோம். அந்த மௌனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மறந்திருந்தால்தானே நாம் நினைவூட்டுவதாகும்? பிள்ளைக்கு எந்தக் கறி பிடிக்கும், தம்பியோடு எதற்குச் சண்டை பிடிக்கும் என்று போய்க் கேளுங்கள். அழுவாள், அழட்டும். அழுதழுது எல்லாம் சொல்லுவாள்.