தேசப்படத்தின் வெற்றிடம்

பனிக்கட்டியாறு மெல்ல நகர்வது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் உலகின் பனிக்கட்டியாறுகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இவ்வொழுங்கிற்கு அடங்குவதில்லை. பல பத்தாண்டுகள் உறங்குவது போலக் கிடந்து, மேற்பகுதியிற் பனியைச் சேர்த்துக்கொண்டு, பின் சில மாதங்களோ ஆண்டுகளோ பன்மடங்கு வேகத்துடன் பாய்ந்து, மீண்டும் அடங்கிவிடும். 1953இல் காரகோரத்தின் குட்டியா பனிக்கட்டியாறு மூன்று மாதங்களில் 12 கிலோமீற்றர் முன்னேறியதாகக் கூறுவர்.

இவற்றை இனங்காண்போர் பெரிதும் நம்புவது செய்மதிப் படங்களையே. முனை முன்னேறியுள்ளதா, மேற்பரப்பு பிளவுண்டு சிதைந்துள்ளதா, கற்குவைக் கோடுகள் நேராகச் செல்லாது கண்ணிபோல் வளைந்துள்ளனவா என நோக்குவர். ஆனால் லாண்ட்சாற் படங்கள் 1972இலிருந்தே உள்ளன. இரு பாய்ச்சல்களுக்கு இடைப்பட்ட காலமோ அதனினும் நீளக்கூடும். ஆகவே தேசப்படத்தில் நிறந்தீட்டப்படாதது பாயாத பனிக்கட்டியாறு அன்று, பாயக் காணப்படாதது. வரைபவர் இவ்வேறுபாட்டை அறிவர். பள்ளத்தாக்கிற் பாலம் அமைப்பவரோ வெற்றிடத்தைப் பாதுகாப்பு என்றே வாசிப்பர்.

காணாமையை ஓர் அளவையாகக் கொண்ட பாட்ட மீமாம்சகரும் அதற்கு வரம்பு விதித்தனர். காணத்தக்க பொருள் காணப்படாதவிடத்தே அதன் இன்மை துணியப்படும். இருளிற் குடத்தைக் காணாதவன் குடமில்லை எனக் கூறலாகாது. ஐம்பது ஆண்டுப் படங்கள் ஒரு நூற்றாண்டு உறக்கத்தின் முன் இருளே.

ஐயத்திற்குரிய அனைத்தையும் சிவப்பாக்கிவிடலாமே எனின், அது எளிய விடை. அச்சம் எங்கும் பரவின் எச்சரிக்கை பொருளிழக்கும். ஊரைத் தூக்கிக்கொண்டு எவரும் போய்விடவும் முடியாது. மறுபுறம், அறிந்ததன் பயனும் சிறிதன்று. பாமீரின் மெத்வேஜி பனிக்கட்டியாறு 1963இற் பாய்ந்தபின் அதனைத் தொடர்ந்து அளந்த சோவியத் ஆய்வாளர், 1973இன் பாய்ச்சலை முன்னரே எதிர்பார்த்திருந்தனர். ஹுன்ஸாவில் 2018இல் ஷிஷ்பர் பாய்ந்து அயற்பள்ளத்தாக்கின் நீரை மறித்து ஏரியாக்கியபின், அது கண்காணிக்கப்பட்டது. ஆயினும் 2022 மே 7இல் அவ்வேரி உடைத்த வெள்ளம் ஹசனாபாத் பாலத்தை அடித்துச் சென்றது. அறிவு பாலத்தைக் காக்கவில்லை. அறியாதிருந்தால் இழப்பு பாலத்தோடு நின்றிருக்குமா என்பதே கேள்வி.

ரண்டோல்ஃப் பனிக்கட்டியாற்றுப் பட்டியல் 'சான்றில்லை', 'இருக்கலாம்', 'பெரும்பாலும்', 'காணப்பட்டது' எனத் தரம் பிரித்து, ஆராயப்படாதவற்றிற்கும் தனிக் குறியீடு வழங்குகின்றது. நேர்மையான ஏற்பாடே. ஆனால் அட்டவணையின் ஐந்து தரங்கள் அச்சிட்ட படத்தில் இரு நிறங்களாகச் சுருங்கும்போது, ஆராயப்படாததும் சான்றற்றதும் ஒரே வெண்மையாகிவிடுகின்றன. அவ்வெண்மைக்குப் பொறுப்பாளி கணித்தவரா, அச்சிட்டவரா? தன் ஐயம் தாளைச் சென்றடைந்ததா எனப் பார்க்காத கணிப்பாளரை அதிலிருந்து விடுவித்தல் கடினம்.