வண்டை ஏய்க்கும் மலர்

போர்னியோத் தீவின் வடபாகத்தில், சபா மாநிலத்திலே, பத்து புங்குல் என்றொரு சுண்ணாம்புக் குன்று நிற்கிறது. (பத்து என்பது எண்ணன்று, மலாய் மொழியில் அது கல்.) அக்குன்றின் செங்குத்தான பாறைப் பிளவுகளில், பெயருக்குச் சிறிது மண்ணைப் பற்றிக்கொண்டு ஜீவிக்கும் பெகோனியாச் செடி ஒன்றிற்கு, 1990-இல் மார்ட்டின் சாண்ட்ஸ் என்னும் தாவர சாஸ்திரி, இருமுனையும் கூரியது என்ற பொருளில் ‘ஆம்பியாக்ஸஸ்’ எனப் பெயரிட்டார். அதன் காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் நடுவயிற்றிலே வந்து பொருந்துவதால், குங்குமம் தெறித்தாற்போன்ற செம்புள்ளிகளுடைய அந்த ஒடுங்கிய இலை, துலாக்கோல்போல இருபுறமும் நீண்டு நிற்கும்.

ஆனால் என் சிந்தையைக் கலக்கியது இலையன்று, பெகோனியா இனத்து மலர்களின் நடத்தை. ஒரே செடியில் ஆண் மலரும் பெண் மலரும் தனித்தனியே பூக்கின்றன. தேனீ மகரந்தத்தை நாடி ஆண் மலருக்கு வருகிறது. பெண் மலரிலோ மகரந்தமும் இல்லை, பொதுவாகத் தேனும் இல்லை. ஆயினும் அதன் சூல்முடி, மஞ்சள் நிறங்கொண்டு முறுக்கி நெளிந்து, மகரந்தக் கேசரக் கொத்தே என்று மயங்கும்படி அமைந்திருக்கிறது. வந்திறங்கிய தேனீ துழாவிப் பார்த்து ஏமாந்து போகிறது. போகுமுன், முந்தைய மலரில் தன் மேனியில் ஒட்டிய பொடியை அங்கே விட்டுச் செல்கிறது.

இது வஞ்சகமா? மெய்யை அறிந்தவன் அதை மறைப்பதே பொய். பூவுக்கு அந்த அறிவு ஏது? அப்படியானால் குற்றம் சிருஷ்டிகர்த்தாவைச் சாருமே என்றால், எல்லாம் லீலை என்று கைகழுவிவிடும் சமாதானம் எனக்கு உவப்பதில்லை. தேனீயின் பசி லீலையன்று. இருளில் கயிற்றைப் பாம்பென்று மயங்குவதைச் சொல்லும் சங்கரருடைய கயிற்றரவு உவமையும் இங்கே முழுதும் பொருந்தவில்லை. விளக்கு வந்ததும் பாம்பு மறைந்து போகும், இப்பிரமையோ விதையாய் விளைந்து நிற்கிறது. திருவருட்பயனில் உமாபதி சிவம் மாயையை விடியுமளவும் எரியும் விளக்குக்கு ஒப்பிட்டது இன்னும் சற்று நெருங்கி வருகிறது. ஆனால் விளக்கு, ஏந்தியவனுக்கே வழிகாட்டும். இங்கே மயங்குவது ஒன்று, பயன் பெறுவது மற்றொன்று. ஆயினும் அம்மயக்கத்தில் விளைந்த, தூசியினும் நுண்ணிய விதைகளுள் ஏதேனும் ஒன்று பாறைப் பிளவில் முளைத்தால், நாளை அதிலும் ஆண் மலர் பூக்கும். தேனீயின் சந்ததிக்கு அங்கே உணவிருக்கும். இக்கணக்கை அந்தத் தேனீயிடம் யார் சொல்வது? அது அடுத்த பூவில் இறங்கிவிட்டது. இம்முறை மகரந்தம் இருக்கிறது.