இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளியிருக்கலாம்

சார்ல்ஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தில் கதை என்று சொல்ல அதிகம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் வட்டாரம். எழுபதுகள். கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள். ஸ்டான் ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறான். இரவில் தூக்கம் வருவதில்லை. வீட்டில் மனைவி, ஒரு மகன், ஒரு சின்ன மகள். அவ்வளவுதான்.

அதில் ஒரு காட்சி. ஓடாத காரைச் சரிசெய்ய ஸ்டானும் அவன் நண்பனும் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கப் போகிறார்கள். கையில் இருப்பது சம்பளக் காசு. பேரம் பேசி வாங்கி, இரண்டு பேருமாக அதைப் படிக்கட்டு வழியே இறக்குகிறார்கள். தூக்கி, வைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்கி. பர்னெட் எதையும் வெட்டிச் சுருக்கவில்லை; நமக்கே முதுகு வலிக்கிறது. மேட்டில் நிற்கும் பிக்கப் வண்டியில் ஒருவழியாக ஏற்றியாகிவிட்டது. ஆனால் இன்ஜின் விளிம்பில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்கிறான் ஸ்டான். நண்பனுக்கு விரலில் அடி. போதும், விழாது என்கிறான். வண்டி கிளம்புகிறது, இன்ஜின் விழுகிறது. இறங்கிவந்து பார்க்கிறார்கள். இனி ஒன்றுக்கும் ஆகாது. அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கேமரா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் கிடக்கும் இன்ஜின் சின்னதாகிக்கொண்டே போகிறது.

இந்தக் காட்சியைப் பார்க்கும் யாரும் கேட்கும் முதல் கேள்வி, “ஏன்டா, ஒரு கயிறு போட்டுக் கட்டியிருந்தா என்ன?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நம் வீடுகளில் அதற்கு ‘அலட்சியம்’ என்று பெயர். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அதற்கு ‘மனிதத் தவறு’ என்று பெயர். விபத்து அறிக்கைப் பாரத்தில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு. பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் ஓர் ஆப்பரேட்டர் பூட்டை மாட்ட மறந்தால், அந்தக் கட்டத்தில் டிக் போட்டு மூடிவிடலாம். எல்லாருக்கும் வசதி. பன்னிரண்டு மணி நேரம் என்பதை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

பொறியியலில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சங்கிலி ஒரு டன் தூக்க வேண்டுமென்றால், அதை ஒரு டன்னுக்கே செய்யமாட்டோம்; பல மடங்கு தாங்குவதுபோல் செய்வோம். ஏனென்றால் மனிதர்கள் தப்பு செய்வார்கள், இரும்பிலும் குறை இருக்கும். எனக்கு என் வாழ்க்கையில் அந்த மிச்சம் இருக்கிறது. போன் கீழே விழுந்து உடைந்தால் அந்த மாதம் வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஸ்டானின் குடும்பத்துக்குக் காரணி ஒன்று. சுமையும் தாங்கும் சக்தியும் சமம். கை கொஞ்சம் நழுவினாலும் கார் போச்சு, சம்பளம் போச்சு.

தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976-இல் ‘அறம் சார்ந்த அதிர்ஷ்டம்’ பற்றி எழுதினார்கள். நேகலின் உதாரணம் ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டார். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் அவர் பெரும் குற்றவாளி. வராவிட்டால் அதே ஆள் சாதாரணமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். தவறு ஒன்றுதான், பழி மட்டும் வேறு. நல்ல உதாரணம். ஆனால் ஸ்டானுக்கு அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். குழந்தை குறுக்கே வருவது தற்செயல். வாட்ஸில் ஒருவனிடம் மிச்சம் இல்லாமல் இருப்பது தற்செயல் இல்லை.

அப்படியென்றால் பாவம், ஏழை, அவனைக் குறை சொல்லக் கூடாது என்று விட்டுவிடலாமா? ஸ்டானே அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான். படத்தில் ஓர் இடத்தில், தான் ஏழை இல்லை என்று வாதாடுகிறான். நான் சால்வேஷன் ஆர்மிக்குப் பொருள் கொடுக்கிறவன், ஏழையால் அது முடியுமா என்பது அவன் வாதம். சிரிப்பு வரும். கூடவே வேறொன்றும் தெரிகிறது: இவன் பரிதாபத்தை வாங்கிக்கொள்ளாத ஆள். தெரிந்த இரண்டு பேர் ஒரு கொலைக்குத் துணை கேட்டு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஸ்டான் அதில் சேரவில்லை. மனைவி வெளியே வந்து அவர்களைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்குகிறாள். இன்ஜினை ஒரு அடி தள்ள முடியாத அதே ஆளின் மனசாட்சி முழுசாக வேலை செய்கிறது.

நாம் ‘அலட்சியம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம். ஒன்று, அக்கறை இல்லாமை. இன்னொன்று, அக்கறை இருந்தும் கடைசி ஒரு அடிக்குத் தெம்பு இல்லாமை. முதலாவதைக் கண்டிக்கலாம். இரண்டாவதைக் கண்டித்து என்ன ஆகப்போகிறது? ‘எங்க அப்பா மட்டும் கொஞ்சம் பொறுப்பா இருந்திருந்தா’ என்று பேசும் என் தலைமுறைப் பட்டதாரிகள், அப்பாவிடம் இல்லாதது இதில் எது என்று ஒருமுறை யோசிக்கலாம்.

பர்னெட் முதலில் எலக்ட்ரீசியன் ஆவதற்காக எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். வாட்ஸில் வளர்ந்து, யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காகப் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில், பெரும்பாலும் வார இறுதிகளில், 16 எம்.எம். கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் இது. பாடல்களுக்கு உரிமை வாங்காததால் 2007 வரை தியேட்டர்களுக்கு முறையாக வரவே இல்லை.

நான் மேலே பிரித்த பிரிப்பு ஓர் இடத்தில் மட்டும் நிற்க மறுக்கிறது. டைனா வாஷிங்டன் பாட்டு ஓடுகிறது. ஸ்டானும் மனைவியும் மெதுவாக ஆடுகிறார்கள். அவன் சட்டை போடவில்லை. அவள் அவனை இறுக்கிப் பிடிக்கிறாள். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான். அவள் ஜன்னல் ஓரம் தனியாக நிற்கிறாள். படத்தின் நடிகர் பட்டியலில் அவளுக்குப் பெயர்கூட இல்லை, ‘ஸ்டானின் மனைவி’தான். அவனுக்குத் தெம்பு இல்லை, புரிகிறது. ஆனால் அவளும் நாள் முழுக்க அந்த வீட்டைத் தாங்கியவள்தானே? அவனுடைய சோர்வுக்கு நான் காரணம் தேடித்தேடிக் கொடுக்கும்போது, அதன் விலையை அவள் தலையில் கட்டுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. இன்ஜின் விழுந்தால் இழப்பு இருவருக்கும். இங்கே விழுவது அவள் மட்டும்.

பின்னால், கிட்டத்தட்ட கடைசியில், சோபாவில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டான் அவள் காலைத் தடவிக் கொடுக்கிறான். மழை ஏன் பெய்கிறது என்று மகள் கேட்கிறாள். பிசாசு தன் பொண்டாட்டியை அடிக்கிறான் என்கிறான். அவள் சிரிக்கிறாள். படம் மறுபடியும் ஆடுகளிடம் போய் முடிகிறது.