இன்னொரு டீ

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாம். எதையும் கேக்கவே மாட்டாங்க." வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆறு வருடங்களாக நான் சொல்லிவந்த வாக்கியம் இது. பெருமையாகத்தான் சொன்னேன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்காமல் போன பிறகும் அம்மாவிடம் ஒரு முணுமுணுப்பு கிடையாது. இன்னது சமைத்துத் தா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தோழிகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது, நான் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. சிங்கப்பூரில் கடலை ஒட்டிய ஓர் உணவங்காடியில், காலை பத்தரை மணிக்கு, அம்மா இரண்டாவது டீ கேட்டார். அன்றோடு விட்டுவிட்டேன்.

பயணத்தைப் பற்றி அம்மாவிடம் கலந்துபேசினேன் என்று சொல்ல முடியாது. தெரிவித்தேன், அவ்வளவுதான். மகனுக்குப் பரீட்சை முடிந்திருந்தது, என் கணவருக்கு எட்டு நாள் விடுப்பு கிடைத்தது. விமானத்தில் நான்கு மணி நேரம்தான், போகிற ஊரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. எல்லாக் காரணங்களும் என்னுடையவை. "உங்களுக்குச் சௌகரியம்னா சரிடி" என்றார் அம்மா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டிக்கெட் போடும்போதே வீல்சேர் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அதிலும் மூன்று வகை வைத்திருக்கிறார்கள். படியேறுவார், நெடுந்தூரம்தான் நடக்க முடியாது என்பது ஒன்று. படியேற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நாலு எட்டு வைப்பார் என்பது இரண்டு. இருக்கை வரைக்குமே நாற்காலியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது மூன்று. அம்மா இரண்டாவது வகை. நான் பதற்றத்தில் மூன்றாவதைக் குறித்துவிட்டேன். விளைவு, விமான வாசலில் இடுப்பிலும் மார்பிலும் பட்டை போட்டு, இருக்கை வரிசைகளுக்கு நடுவே நுழைகிற ஒடுக்கமான நாற்காலியில் அம்மாவைக் கட்டி உள்ளே உருட்டிப் போனார்கள். "என்னால நடக்க முடியுமே" என்று அம்மா ஒருமுறை சொன்னார். உதவிக்கு வந்த பையன் நல்ல பையன்தான். அவன் என்னைப் பார்த்து, "நிப்பாங்களா மேடம்?" என்று கேட்டான். நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே, "வேண்டாம்பா, விழுந்துடுவாங்க" என்றேன்.

அந்த நான்கு மணி நேரத்தில் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கால் வீங்கிவிடும், கொஞ்சம் குடியுங்கள் என்று பணிப்பெண் இரண்டு முறை வந்து சொன்னார். "தாகமில்லம்மா." அம்மாவுக்குத் தாகம் எடுக்காது என்பது எங்கள் வீட்டில் ஊரறிந்த விஷயம். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, எங்கே கிளம்பினாலும் அப்படித்தான்.

சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும்: பின்னால் நிற்பவருக்கு உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. எனக்கு ஆறு வருடங்களாகத் தெரிந்தது அம்மாவின் கொண்டையும், அதில் நான் செருகிய பூவும்தான். எதைப் பார்த்து ரசிக்கிறார், எதைக் கடந்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்பதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, எந்தக் கடை, எந்தச் சாமி, எல்லாம் என் கைப்பிடியில் இருந்தன.

முதல் முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தது பேருந்தில். அங்கே ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, நடுக்கதவின் தரையில் மடிந்திருக்கும் பலகையைத் தூக்கி நடைபாதைமேல் விரிக்கிறார். அதுவே சாய்தளம். நாற்காலி ஏறிய பிறகுதான் மற்றவர்கள் ஏறுகிறார்கள். திடீரென்று பிரேக் போட்டால் நாற்காலி முன்னால் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, அதற்கான இடம் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, முதுகுக்கு ஒரு தடுப்போடு இருக்கிறது. அதனால் அம்மா எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கம்பியைப் பிடித்தபடி எதிரே நின்றேன். அம்மா கூச்சத்தில் குறுகிப் போயிருந்தார். தன்னால் இத்தனை பேர் காத்திருக்க நேர்ந்ததே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் செய்தித்தாள் படித்தார், ஒரு மாணவி தூங்கினாள். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவும் ஆளில்லை. இறங்கும்போது அம்மா ஓட்டுநருக்கு இடது கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடு போட்டார். அவர் தலையசைத்துவிட்டு, பலகையை மடித்து, ஏறிப் போய்விட்டார். அவருக்கு அது அன்றைய வேலையில் ஒரு பங்கு.

இரண்டாம் நாள் அம்மா கும்பிடவில்லை. லேசாகத் தலையை மட்டும் அசைத்தார். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். அதை மரியாதைக் குறைவு என்று நினைத்து, "ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்லம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அந்த மௌனம் புரிய, எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணத்தை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மண்டபம் மாடியில். லிஃப்ட் பழுது. என் அத்தை மகன்களும் சமையல்காரர் ஒருவருமாக நான்கு பேர், நாற்காலியோடு அம்மாவைத் தூக்கினார்கள். எவ்வளவு பாசத்தோடு தூக்கினார்கள்! "அத்தே, கவலப்படாதீங்க, நாங்க இருக்கோம்." படி முழுக்க ஆட்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சேலை விலகியதை இடது கையால் இழுத்துப் பிடித்தபடி அம்மா நான்கு பேருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். இறங்கும்போது மறுபடி நான்கு பேர், மறுபடி நான்கு நன்றி. அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அம்மா வரவில்லை. "கூட்டம் எனக்கு ஒத்துக்கல" என்றார். நம்பினோம்.

தூக்குவதற்குக் கைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. அந்தக் கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனுஷி வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான்கு பேருக்குக் கடன்பட வேண்டும் என்றால், அவள் வாசலைத் தாண்டும் ஆசையையே மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்வாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பக்குவம் போலத் தெரியும்.

சிங்கப்பூர் மட்டும் பிறந்தபோதே இப்படி இருந்ததா என்றால், இல்லை. அங்கே நகர ரயில் ஓடத் தொடங்கியது 1987-இல். அப்போது கட்டிய நிலையங்கள் சக்கர நாற்காலிக்காரர்களை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. கட்டடங்களுக்கான தடையற்ற அணுகல் விதிகள் 1990-இல் வந்தன. பழைய நிலையங்களில் பிற்பாடு லிஃப்ட் வைத்து, 2006 வாக்கில்தான் எல்லா நிலையத்துக்கும் படியில்லாத வழி ஒன்றாவது கிடைத்தது. பொதுப் பேருந்துகள் அத்தனையிலும் நாற்காலி ஏறலாம் என்ற நிலை 2020 டிசம்பரில் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் விடாமல் செய்த வேலை. இதைச் சொல்லக் காரணம், அங்கிருந்து திரும்புகிறவர்கள் அந்த ஊர் ஏதோ வேறு மண்ணால் ஆனது போலப் பேசுகிறார்கள். தவறியதைத் திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

திருத்த முடியாத இடங்களும் உண்டு. அம்மா அதிகம் எதிர்பார்த்தது நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவை. பூக்கடை, வெற்றிலை, நம் முகங்கள். ஆனால் சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளில்தான் நாற்காலி அதிகம் முட்டியது. அந்தக் கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைவழிக்கு ஐந்தடிப் பாதை என்று பெயர். 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலேயே அதற்கு விதி உண்டு. நிழலுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறுகிறது, இங்கே ஒரு படி, அங்கே அரைப் படி. நாற்காலியை நான்கு முறை பின்னால் சாய்த்துச் சின்னச் சக்கரங்களைத் தூக்கி ஏற்றிய பிறகு, "போதும்டி, கண்ணால பாத்தாச்சு" என்றார் அம்மா. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல், ஊரில் கேட்கிற குரல்.

அன்று இரவுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். விளக்கை அணைத்த பிறகு. "ஏண்டி, அந்த ரூமு, நாற்காலியோட போற மாதிரி, கம்பி போட்டு... அது எல்லா எடத்துலயும் இருக்குமா இங்க?" கழிப்பறையைச் சொல்கிறார். "பெரும்பாலும் இருக்கும்மா. ஸ்டேஷன்ல, மால்ல, பார்க்குல." "நாளைக்குப் போற எடத்துல?" "இருக்கும். பாத்துச் சொல்றேன்." போனில் தேடிப் பார்த்து, இருக்கிறது என்று சொன்னேன். அம்மா சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் போனது கிழக்குக் கடற்கரைப் பூங்கா. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், கரையோரமாகவே நீளமான பாதை போட்டிருக்கிறார்கள். உணவங்காடியில் எங்களுக்குக் காலைச் சாப்பாடு, அம்மாவுக்கு ஒரு தே தாரிக். ஆற்றி ஆற்றி நுரை பொங்கிய டீ. குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். "இன்னொரு டீ வாங்கிட்டு வா."

என் கணவர் எழுந்து போனார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடங்களில் வீட்டுக்கு வெளியே அம்மா கேட்ட முதல் பொருள் அது. தாகமில்லாத அம்மா. அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கே கிளம்பினாலும் முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைப்பது. கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளிவைப்பது. வெயிலில் ஆஸ்பத்திரி வரிசையில் உதடு காய்ந்து உட்கார்ந்திருப்பது. போகிற இடத்தில் கழிப்பறை வாசல் நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும், உள்ளே ஒரு படி இருக்கும், இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு பெண் தன் தாகத்தையே அடக்கிவைத்திருந்தார். அதை நான் வருகிறவர்களிடமெல்லாம் குணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீ என்ன பண்ணுவ? தூக்கிட்டுப் போவ" என்றார். கோபம் இல்லை அதில். உள்ளதைச் சொன்னார்.

இரண்டாவது டீ முடிந்ததும் பெடோக் படகுத்துறைக்குப் போனோம். கடலுக்குள் இருநூற்றைம்பது மீட்டர் நீளும் கான்கிரீட் மேடை. இரண்டு பக்கமும் தூண்டில்காரர்கள். அம்மா நாகப்பட்டினத்தில் கடலுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்தவர். ஊருக்குப் போகும்போது கடற்கரையில் காரை நிறுத்துவோம், காருக்குள்ளிருந்தே பார்ப்பார். மணலில் வீல்சேரின் முன்சக்கரம் இரண்டு சாணுக்குள் புதைந்துவிடும். இங்கே கடல் மூன்று பக்கமும் இருந்தது, கீழேயும் இருந்தது. ஒரு சீனத் தாத்தா தூண்டிலை இழுத்தார், நீண்ட மூக்கோடு வெள்ளியாக ஒன்று துள்ளியது. "முரல்!" என்று அம்மா சத்தமாகச் சொன்னார். தாத்தா திரும்பிப் பார்த்துச் சிரித்து, அம்மாவின் மடிக்கு எட்டும் உயரத்தில் அதைத் தூக்கிக் காட்டினார். "முள்ளு பச்சையா இருக்கும். புளி கூட வைக்கணும்" என்று அம்மா அவருக்குத் தமிழில் விளக்கினார். அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். என் மகன் மொழிபெயர்க்க இங்கிலீஷில் ஆரம்பித்தான். "நீ சும்மா இருடா, எங்களுக்குப் புரியுது" என்றார் அவன் அம்மாச்சி. பிறகு என்னிடம், "நீங்க போய்ச் சுத்திட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்" என்றார்.

நிழலில் நிறுத்தி, பிரேக் போட்டு, போனை மடியில் வைத்துவிட்டு நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அம்மா ஒருமுறையும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நம் ஊரிலும் நடக்காமல் இல்லை. சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சீர்செய்தார்கள். அந்தப் பாதையில் முதல் நாள் போனவர்கள் கடலில் கால் நனைத்து அழுத படங்களைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, நல்ல காரியம் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களைப் பற்றி அது சொல்வதையெல்லாம் நான் மற்றவர்களிடம் கேட்கலாம்தான். அதற்கு முன்னால் என் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது. ஆறு வருடங்களாக அம்மாவை அதில் தூக்கித்தான் இறக்கினோம்.

ஊர் திரும்பிய வாரம் கொத்தனார் வந்தார். படி மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். வாசலில் இருப்பது பதினோரு அடி. செங்குத்தாகப் போட்டுவிடலாம், தள்ளத்தான் ஆள் இருக்கிறதே என்றார் அவர். வேண்டாம், நடுவில் ஒரு திருப்பம் வைத்து, திருப்பத்தில் நாற்காலி சுழல ஐந்தடி விட்டுக் கட்டுங்கள் என்றேன். அப்படியானால் மூலையில் நிற்கிற மருதாணியை எடுக்க வேண்டும் என்றார். எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மருதாணியத் தொடக் கூடாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடத்தில் நாற்காலியில் இருந்தபடி அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அந்தப் பக்கமா வளைச்சுக் கட்டச் சொல்லு. கெணத்துக் கல்லு ரெண்டு சும்மாதானே கெடக்கு, அத எடுத்தா எடம் வரும். அப்புறம் கைப்பிடி எடது பக்கம் வைக்கச் சொல்லு, எனக்கு வலது கை வராது. பாத்ரூம் கதவையும் ஒரு தடவ அளந்துட்டுப் போகச் சொல்லு."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் கேட்க உள்ளே போனார்.