கால் கிலோவா, ஒரு கிலோவா?

இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தீபாவளிப் பெட்டி கட்டும்போது எங்களுக்குள் வாக்குவாதம் வருவது துணியாலோ பட்டாசாலோ அல்ல. பலகாரத்தின் எடையால்தான்.

எங்கள் வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை. மூட்டை பிரித்து, தண்டு நறுக்கி, பெரிசு சிறிசு என்று ரகம் பிரிக்கும் பெண்களின் பிள்ளைகளுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து பெட்டி கட்டுகிறோம். ஒரு புதுத்துணி, கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், கால் கிலோ இனிப்பு. "ஒரு புள்ளைக்குக் கால் கிலோ பத்தாதாண்ணே?" என்கிறான் கணக்கு எழுதும் தம்பி. தின்பதற்குப் பத்தும். நான் கேட்பது ஒரு கிலோ.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுசு உடுத்தியதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. முறுக்கு, அதிரசம், சீயம் வைத்த தட்டைத் துணி போட்டு மூடிக்கொண்டு நாலு வீட்டுக்குப் போய்வர வேண்டும். போன தட்டு வெறுமனே திரும்பாது. அவர்கள் வீட்டுப் பலகாரம் ஏதாவது இருக்கும். "எங்க அம்மா குடுத்து விட்டுச்சு" என்று வாசலில் நின்று சொல்லும் அந்த மிதப்பைப் புதுச்சட்டை தந்துவிடாது. கால் கிலோ மட்டும் உள்ள வீட்டில், வந்த தட்டுக்கு எதை வைத்துத் திருப்புவது என்று தாய் தவிப்பாள். நாம் தந்தது பிள்ளையின் வாய்க்கு எட்டும். தெருவுக்குள் அந்த வீடு தலைநிமிர அது காணாது.

உலகமெங்கும் இப்படிப் பெட்டிகள் போகின்றன. 1990-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ரெக்ஸம் நகரத்தார் ருமேனியக் குழந்தைகளுக்குச் செருப்புப் பெட்டிகளில் கிறிஸ்துமஸ் பரிசு நிரப்பி அனுப்பினார்கள். இன்று பல நாடுகளுக்குப் போகும் அந்தப் பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டில் ஆணா பெண்ணா, எந்த வயது என்ற விவரம் இருக்கும். முகம் தெரியாத பிள்ளைக்கு அதற்குமேல் பார்க்க வழியில்லை. நாங்கள் கட்டும் பெட்டி அடுத்த தெருவுக்குப் போகிறது. எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

வாங்குபவரை எண்ணாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடே பார்த்தது. லாரி லாரியாக வந்த பழந்துணி கடலோரச் சாலைகளில் குவிந்து கிடந்தது. வீடும் வலையும் இழந்த மீனவர்கள் அதைத் தொடவில்லை. கூஞ்ச் என்ற தில்லி அமைப்பு அதை அள்ளித் தரம் பிரித்து வேறு பயனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பெட்டியில் நோட்டும் பென்சிலும் வைக்கலாமே என்பவர்களும் உண்டு. அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் கிடைக்கின்றன. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 4 செட் சீருடையும் உண்டு. வகுப்பில் எல்லாருக்கும் கிடைப்பதால் அதை வாங்கக் கை கூசுவதில்லை. நம் பெட்டி அப்படியல்ல. தெருவில் சில வீடுகளுக்கு மட்டும் போகிறது. இன்னார் வீட்டுக்கு வந்தது என்று ஊருக்குத் தெரிகிறது. அதனால்தான், பெட்டியை நீட்டும்போது போட்டோ எடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். அதனால்தான், அந்தப் பிள்ளையும் நாலு பேருக்குக் கொடுக்கிற அளவுக்குப் பலகாரம் வேண்டும் என்கிறேன். கொடுக்கிற இடத்தில் ஒருநாளாவது நின்ற பிள்ளைக்கு, வாங்கியது பாரமாகத் தோன்றாது.

தம்பியின் கேள்வி லேசானதல்ல. "ஆளுக்கு ஒரு கிலோன்னா பெட்டி கொறையும். விடுபடுற புள்ளைக்கு யாருண்ணே பதில் சொல்றது?" பலகாரத்தைக் கூட்டி ஒரு பிள்ளையைக் கழிப்பது நியாயமாகாது. துணியின் தரத்தைக் குறைப்பதும் கூடாது. தீபாவளிச் சட்டை பொங்கல் தாண்டியும் உழைக்க வேண்டும். மிச்சமிருப்பது எங்கள் வீட்டு வெடிச் செலவுதான். ஆயிரம்வாலாவை இந்த வருஷம் நிறுத்தினால் கணக்கு நேராகிவிடும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். இனி அதை என் பேரனிடம் சொல்ல வேண்டும்.