இல்லாதவனின் சம்மதம்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. இங்கும், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை போன்ற நம் ஊர்களிலும், பிழைப்புக்காக அரபு நாடுகளுக்குச் சபர் போனவர்கள் இல்லாத தெரு அரிது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் நாலுபேர் கூடினால் ஒரு பேச்சு காதில் விழும். "சம்பளம் இவ்வளவுதான் என்று முன்னாலேயே சொன்னார்கள். இவனும் சரியென்று கையெழுத்துப் போட்டான். பிறகு எதற்கு அழுகிறான்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இரு தரப்பும் மனம் பொருந்திச் செய்வதே கொடுக்கல் வாங்கல் என்பது மார்க்கம் வகுத்த விதி. ஆனால், வேறு வழியில்லாதவன் சொல்லும் 'சரி' மனம் பொருந்திய சம்மதம்தானா? இதை நாம் சற்று சிந்திக்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறையைப் பாருங்கள். ஒரே கட்டட வேலைக்கு இந்தியரையும் அழைக்கலாம், நேபாளியரையும் அழைக்கலாம், வங்காளதேசத்தவரையும் அழைக்கலாம். குறைவாகக் கேட்பவருக்கே வேலை என்றால், நாடுகளே போட்டியிட்டுத் தம் மக்களின் உழைப்பை மலிவாக்கும் நிலை வருகிறது. வளைகுடா செல்லும் தொழிலாளருக்கு இதற்குக் குறையாமல் சம்பளம் தரவேண்டும் என்று இந்திய அரசு ஓர் அளவு வைத்திருந்தது. கொரோனா பரவிய 2020-ல் அந்த அளவை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. வேலைகள் கைநழுவிப் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று காரணம் கூறப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. 2021-ல் பழைய அளவே திரும்பியது.

அந்தக் காரணத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. "வேலையே இல்லாதிருப்பதைவிடக் குறைந்த கூலி மேலல்லவா?" என்று அடுப்பெரியாத வீட்டுக்காரன் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

நபி மூஸா (அலை) அவர்களின் சரிதையை இங்கே நினைவுகூர்வோம். எகிப்தைவிட்டு உயிர் தப்பி மத்யன் வந்து சேர்ந்தபோது அவர்களுக்கு ஊரில்லை, உறவில்லை, ஒதுங்க ஒரு நிழலைத் தவிர வேறொன்றுமில்லை. அவர்கள் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அதற்குரிய கூலியைத் தருவதற்காக, அப்பெண்களின் முதிய தந்தை, அவர்கள் கேளாமலேயே ஆளனுப்பி அழைத்தார். வயிற்றுக்குச் சோறு மட்டும் போட்டு வேலை வாங்கியிருந்தாலும் அந்நேரத்தில் மறுக்க முடிந்திருக்குமா? ஆனால் அப்பெரியவரோ மகளை மணமுடித்துத் தருவதாகப் பேசி, எட்டு ஆண்டு என்று தவணை வைத்து, அதைப் பத்தாக்குவதை அவர்கள் விருப்பத்துக்கே விட்டார். சிரமப்படுத்தும் எண்ணம் தமக்கில்லை என்றும் வாக்களித்தார். சூரத்துல் கஸஸ் இதை நமக்கு எடுத்துரைக்கிறது. வந்தவரின் இல்லாமை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதை வைத்து அவர் விலை பேசவில்லை.

ஆக, கூலி குறைவாயிருப்பது வேறு. இல்லாமையைக் கண்டு குறைப்பது வேறு. தொழில் நொடிக்கும்போது முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து சுமந்தால் அது சபுர். இலாபத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு நட்டத்தை மற்றவர் தலையில் கட்டினால் அது ஜுலும்.

ஆள் எடுக்கும் செலவும் இப்படித்தான் கைமாறுகிறது. வேலை வாங்குபவர் ஏற்கவேண்டிய செலவை வேலைக்குப் போகிறவன் நகையை அடகு வைத்துக் கட்டுகிறான். வேலை தேடுவோரிடம் முகவர்கள் கட்டணம் வாங்கலாகாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-ல் வகுத்த பொது விதி. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவரே ஆள் அனுப்பலாம். அவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தரவேண்டும். இதற்கு மேல் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துப் போனவன், அங்கே சொன்ன சம்பளம் குறைந்தாலும் திரும்ப முடியாது. கடன் அவன் வாயைக் கட்டிவிடுகிறது.

கொடுப்பவர் அந்நியர் என்றால் குற்றம் சொல்வது எளிது. அரபு நாட்டில் நாலு வருடம் இருந்துவிட்டு, சொந்த மச்சானுக்கே விசாவை விலைக்கு விற்பவர் நம்மில் இல்லையா? ஒருவருக்காகப் பொறுப்பேற்று ஜாமீன் நிற்பது நன்மையான செயல். அதற்குக் கூலி வாங்குவது கூடாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. நம் கடையிலும் கட்டட வேலையிலும் இன்று வடமாநிலத்துப் பிள்ளைகள் உழைக்கிறார்கள். அவர்களுக்கு நாம்தானே அயலூர் முதலாளி! உள்ளூர் ஆளுக்கு ஒரு கூலி, இவர்களுக்கு ஒரு கூலி என்று வைக்கும்போது நம் மனம் உறுத்துகிறதா?

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்துள்ளதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த வழக்குமன்றத்தில் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடுமா?

ஆகவே, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் முகவரின் பதிவையும் ஒப்பந்தத்தையும் படித்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள். ரசீதில்லாமல் பணம் கொடாதீர்கள். ஆள் வைத்து வேலை வாங்குவோர் கூலி பேசும்முன் ஒன்றை நினையுங்கள்: இவனுக்கு வேறு வழி இருந்தால் இந்தக் கூலிக்குச் சம்மதிப்பானா? இல்லையென்று மனம் சொன்னால், பேசிய கூலியைக் கூட்டிக் கொடுங்கள்.

பிறர் இல்லாமையில் இலாபம் தேடாத ஹலாலான ரிஜ்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.