வாயிற்கதவைக் காட்டாத சித்திரம்

கிரேக்க எழுத்துகள் பொறித்த மாளிகை. மதுக்குவளை ஏந்திய மாணவர் கூட்டம். நள்ளிரவு தாண்டியும் ஓயாத கூச்சல். அமெரிக்கக் கல்லூரிகளின் சகோதரர் சங்கங்களைப் பற்றி உலகம் அறிந்தது பெரும்பாலும் இவ்வளவே! இச்சித்திரத்தைத் தீட்டியதில் பெரும்பங்கு 1978-இல் வந்த 'அனிமல் ஹவுஸ்' திரைப்படத்துக்கு உண்டு. எழுதிய மூவரில் ஒருவர், டார்ட்மத் கல்லூரிச் சங்கத்தில் தாம் வாழ்ந்த நாட்களையே கதைக்குக் கருவாக்கினார். குடித்தார்கள், குழப்பம் விளைத்தார்கள், கல்லூரி அதிகாரியை ஏய்த்தார்கள். கொட்டகை குலுங்கச் சிரித்தது. சகோதரியர் சங்கங்களுக்கு 2001-இல் 'லீகலி பிளாண்ட்' வந்தது. அதில் இளஞ்சிவப்பு ஆடையும் பொன்னிறக் கூந்தலும் ஏளனத்துக்கு இலக்காகிப் பின் வெற்றியும் காண்கின்றன.

சங்கத்தார் குமுறுகின்றனர். எமது அறப்பணி எங்கே, யாம் தந்த நாட்டுத் தலைவர்கள் எங்கே, குடிகாரப் பட்டம் மட்டுந்தானா எமக்கு என்று கேட்கின்றனர். அக்குமுறலைத் தள்ளிவிட முடியவில்லை. 2014 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழ், வர்ஜீனியாப் பல்கலைக்கழகச் சங்கமொன்றில் கொடிய கூட்டு வன்கொடுமை நிகழ்ந்ததாக நெடுங்கட்டுரை தீட்டியது. குற்றம் சாட்டப்பட்டோரைத் தேடிக் கேட்கவில்லை. காவல்துறை ஆராய்ந்தும் சான்று கிட்டவில்லை. 2015 ஏப்ரலில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2017-இல் அச்சங்கத்துக்கு 16,50,000 டாலர் ஈடு தர இதழ் இசைந்தது.

ஏன் சறுக்கியது எழுதுகோல்? "அவர்கள் அப்படித்தான்" என்ற முடிவு முன்னமே உள்ளத்தில் குடியேறியிருந்தது என்றே நாம் கருதுகிறோம். தோழர்களே, அந்தச் சொல் நமக்குப் புதிதா? பிறந்த குலங்கொண்டு குணத்தை அளந்தோர் வாயில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொல் அன்றோ அது! நமக்கு எதிராக வீசப்பட்டபோது கசந்தது, பிறர்மீது வீசப்படும்போது இனிப்பதா? அதனால் விளைந்த மற்றொரு கேடும் உண்டு: மெய்யாகவே துன்புற்ற பெண்ணின் சொல்லும் அதன்பின் ஐயத்தோடு கேட்கப்பட்டது.

எனினும், பிறப்பால் ஒட்டிய பெயரும் விரும்பிச் சேர்ந்த சங்கத்தின் பெயரும் ஒன்றாகா. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே நடப்பதை வெளியே சொல்லேன் என்று உறுதிமொழி வாங்குவோர், வெளியிலிருப்பவன் தவறாக வரைந்துவிட்டான் என்று எவ்வளவு தூரம் நொந்துகொள்ளலாம்? 2017 பிப்ரவரியில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சங்கத்தில் சேர வந்த 19 வயது இளைஞன் அளவிறந்து குடிக்க வைக்கப்பட்டான், படிக்கட்டில் விழுந்தான். உதவிக்கு அழைப்பு விடுக்கப்பட்டதோ ஏறத்தாழ 12 மணி நேரம் கழிந்த பின்! மடிந்தான் மாணவன். நம் கல்லூரிகள் ராகிங் என்று அறிந்த அதே கொடுமை. அங்கே அதற்குச் சடங்கென்று பெயர். மாளிகைக்குள்ளிருந்த படக்கருவிகள் அனைத்தையும் பதிந்திருந்தமையால் அன்றோ நாடு அறிந்தது? கல்லூரிகள் இத்தகைய நிகழ்ச்சிகளை வெளிப்படுத்தியாக வேண்டுமென்ற நாடு தழுவிய சட்டம் 2024 டிசம்பரில்தான் பிறந்தது.

சிரிப்புப் படமும் சங்கத்தாரின் புகழ்மாலையும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. இரண்டும் வாயிற்கதவைக் காட்டுவதில்லை! வெள்ளையரான கிறித்தவர்க்கே இடம் என்று விதியெழுதி வைத்த சங்கங்கள் பல இருந்தன. 1948-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கிளையொன்று கறுப்பின மாணவனை ஏற்றது. தலைமைச் சங்கம் அக்கிளையையே விலக்கியது. விதிகள் பின்னர் அழிந்தன, வழக்கம் அழியவில்லை. அலபாமாப் பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் சகோதரியர் சங்கங்களில் கறுப்பினப் பெண்கள் தகுதியிருந்தும் தள்ளப்படுகின்றனர் என்று 2013-இல் எழுதியது, அங்குள்ள மாணவர் நாளேடு. எழுதிய பின்னரே கதவு அசைந்தது. அவ்வேடு தீட்டியதும் சித்திரந்தான். ஆனால் அது கேட்டு எழுதப்பட்டது. பெயரும் நிகழ்ச்சியும் சுட்டி எழுதப்பட்டது.

தள்ளப்பட்டோர் வாளாவிருக்கவில்லை என்பதையும் கொட்டகை காட்டுவது அரிது. 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் தமக்கெனச் சங்கம் கண்டனர். மார்ட்டின் லூதர் கிங் பிற்காலத்தில் அதன் உறுப்பினரானார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 22 பெண்கள் 1913 ஜனவரியில் ஒரு சகோதரியர் சங்கம் அமைத்தனர். இரு திங்களுக்குள், மார்ச் 3 அன்று, வாஷிங்டன் வீதியில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் நடந்தது. அச்சங்கத்தின் முதல் பொதுப்பணி அதில் நடந்து சென்றதே.